முதல் பைக்: எந்த வண்டி, எந்த இன்சூரன்ஸ்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு வயது 19, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இதுவரை ஓட்டியது வீட்டு ஸ்கூட்டர் மட்டும், எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) எடுத்தாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்குக் கல்லூரி போய்வர பைக் வேண்டும். மனசு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பக்கம் இருக்கிறது, அப்பா ஒன்றேகால் லட்சத்துக்குள் முடிக்கச் சொல்கிறார். வண்டி அப்பா பெயரில் வாங்குவதாகத் திட்டம். இன்சூரன்ஸ் ஷோரூமில் போட்டுத் தருவதையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

125 சிசி எடுங்கள். வண்டியை உங்கள் பெயரில் வாங்குங்கள். ஷோரூம் தரும் இன்சூரன்ஸ் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லி, வெளியே விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த மூன்றில் இரண்டாவதைத்தான் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலேதான் பெரிய ஓட்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் வண்டி. புதிதாகக் கியர் வண்டி ஓட்டுபவர் கீழே போடுவது பெரும்பாலும் அறுபதில் போகும்போது அல்ல, ஐந்தில் போகும்போது. யூ டர்ன் பாதியில் கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சின் நின்றுபோகும். ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமாகவே படுக்கும். சிக்னலில் கால் ஊன்றும் இடத்தில் மணல் இருக்கும். இந்த நேரங்களில் உங்களைக் காப்பாற்றுவது வண்டியின் எடை, சீட்டின் உயரம், சீட்டின் அகலம், இவை மூன்றும்தான். கிளாசிக் 350 எடை 195 கிலோ, சீட் உயரம் 805 மி.மீ. டிவிஎஸ் ரெய்டர் 125 எடை 123 கிலோ, சீட் 780 மி.மீ. சீட்டில் 25 மி.மீ. வித்தியாசம் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் உயரத்தில் ஒரு வண்டியில் இரண்டு முன்பாதங்களும் தரையில் நிற்கும், இன்னொன்றில் கட்டைவிரல் நுனிதான் தொடும். சாயத் தொடங்கிய 123 கிலோவை இடுப்பைக் கொடுத்துத் தாங்கிவிடலாம். 195 கிலோ குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் யார் பிடித்தாலும் நிற்காது. அப்போது பிடித்து நிறுத்தப் பார்க்காமல் காலை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், கணுக்கால் மாட்டுவது அங்கேதான்.

கிளாசிக் மோசமான வண்டி என்று சொல்லவில்லை. நம் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் வண்டி, நெடுஞ்சாலையில் சுகமாகப் போகும். ஆனால் மேடவாக்கம் நெரிசலில் தினமும் காலை அதை முதல் கியரில் நகர்த்திக்கொண்டு கிளட்ச் பழகுவது தேவையில்லாத பாடு. பட்ஜெட்டுக்கும் அது எட்டாது. ஒன்றிரண்டு வருடம் 125 ஓட்டிவிட்டுப் போனால் அதை ரசித்து ஓட்டுவீர்கள்.

ஷோரூமில் வண்டியைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. தினமும் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், டபுள் ஸ்டாண்டு போட்டு இறக்குங்கள், உட்கார்ந்தபடியே கால்களால் பின்னுக்குத் தள்ளி நெருக்கமான பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அந்த நிலையிலும் கிளட்ச் லீவரை நாலு விரலால் முழுமையாக அழுத்த முடிகிறதா பாருங்கள். பிறகு டெஸ்ட் ரைடு. இந்தச் சோதனையில் உங்களைத் திணறடிக்கும் வண்டி, மழையில் ரோட்டோரம் இன்னும் அதிகமாகத் திணறடிக்கும்.

125-க்குள் எது என்றால் பிரேக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 125 சிசி வரை சட்டப்படி சி.பி.எஸ். இருந்தால் போதும் என்பதால் பெரும்பாலான 125-களில் அதுதான் வருகிறது. பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. தடுப்பது ஏ.பி.எஸ். புதியவர் பதறி முன் பிரேக்கைப் பிடிக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே அது வேண்டும். ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆரில் ஏ.பி.எஸ். உள்ள மாடல் இருக்கிறது, எடை 136 கிலோ. ரெய்டரைவிடச் சற்றுக் கனம் என்றாலும் உங்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். சீட் 794 மி.மீ. என்பதால் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள். கால் எட்டவில்லை என்றால் ரெய்டர், அல்லது 114 கிலோவுக்கு மேல் போகாத ஹோண்டா ஷைன்.

சிசி என்பது இன்சூரன்ஸ் பணத்தையும் முடிவு செய்கிறது. புது இருசக்கர வண்டிக்கு, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை 5 வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. அந்தக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியானாலும் ஒரே தொகைதான். 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 5 வருடத்துக்கு 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 7,365, அதற்கும் மேல் 15,117. இதன்மேல் 18% ஜி.எஸ்.டி. யமஹா எஃப்இசட் 149 சிசி என்பதால் முதல் அடுக்கு. அதே யமஹாவின் எம்டி-15, 155 சிசி, அடுத்த அடுக்கு. ஆறு சிசிக்காக வரியோடு நாலாயிரத்துச் சொச்சம் கூடுகிறது. பின்னாளில் பெரிய வண்டிக்குப் போகும்போதும் இதை மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி விலை மீதான ஜி.எஸ்.டி.யும் 350 சிசி வரை 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம்.

இப்போது இன்சூரன்ஸ். ஷோரூம் கொட்டேஷனில் 'இன்சூரன்ஸ்' என்று ஒற்றை வரியில் ஒரு தொகை இருக்கும். அதற்குள் நான்கைந்து சமாச்சாரம் அடங்கியிருக்கிறது: 5 வருட தேர்ட் பார்ட்டி, ஒரு வருட ஓன் டேமேஜ் அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி, ஓனருக்கான விபத்துக் காப்பீடு, ஜீரோ டெப் மாதிரியான ஆட் ஆன்கள் அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்புகள், ஜி.எஸ்.டி. தேர்ட் பார்ட்டியில் பேரம் கிடையாது. வித்தியாசம் முழுவதும் ஓன் டேமேஜிலும் ஆட் ஆனிலும்தான் இருக்கிறது. பிரித்து வாங்கிய தாளை வைத்துக்கொண்டு, அதே ஐ.டி.வி. (அடுத்த பத்தியில் சொல்கிறேன்), அதே ஆட் ஆன்களைப் போட்டு இன்னும் இரண்டு கம்பெனியில் விலை கேளுங்கள். எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை, ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. அதே சமயம் ஷோரூம் பாலிசியே விலை ஒத்துவந்து, அவர்கள் சர்வீஸ் சென்டரில் கேஷ்லெஸ் வசதியும் இருந்தால் அதையே எடுப்பதில் தவறில்லை.

ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகை. புது வண்டிக்கு அது எக்ஸ் ஷோரூம் விலையில் 5% கழித்து வர வேண்டும். ஆன்லைனில் பிரீமியம் திடீரென்று குறைவாகத் தெரிந்தால் முதலில் ஐ.டி.வி.யைப் பாருங்கள். அதைக் குறைத்து வைத்துத்தான் பல நேரம் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

பெரும்பாலானோர் ஏமாறும் இடம் 5 வருடக் கணக்கு. பாலிசியில் கடைசித் தேதி 5 வருடம் தள்ளி இருப்பதைப் பார்த்துவிட்டு, இனி 5 வருடத்துக்குக் கவலையில்லை என்று கோப்பை உள்ளே வைத்துவிடுவார்கள். ஓன் டேமேஜ் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் வருடத்திலிருந்து அதை மட்டும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும், எந்தக் கம்பெனியிலும் எடுக்கலாம். தெருவில் போலீஸ் நிறுத்திப் பார்த்தால் தேர்ட் பார்ட்டி இருப்பதால் அபராதம் வராது, அதனாலேயே விடுபட்டது யாருக்கும் தெரிவதில்லை. வண்டி திருடுபோன அன்றுதான் தெரியும். பாலிசியைப் பிரித்ததும் ஓன் டேமேஜ் முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு இருபது நாள் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். விட்டுவிட்டால் மறுபடி எடுக்கும்போது வண்டியைப் பரிசோதிக்கச் சொல்வார்கள், 90 நாள் தாண்டினால் கிளெய்ம் செய்யாததற்கான என்.சி.பி. சலுகையும் போய்விடும்.

இனி பெயர் விஷயம். பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள ஓனர் தானே ஓட்டும்போது மட்டுமே பொருந்தும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி அப்பா பெயரில் இருந்து, தினமும் ஓட்டுபவர் நீங்கள் என்றால், அந்தக் காப்பீடு உங்களைத் தொடவே தொடாது. சரி, தேர்ட் பார்ட்டியில் கேட்கலாமே என்றால் அதுவும் முடியாது. ஓனரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் ஓனரின் இடத்தில்தான் இருக்கிறார், மூன்றாம் நபர் அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களே சறுக்கி விழுந்து அடிபட்டால் குடும்பத்துக்கு எந்தப் பக்கமிருந்தும் ஒரு ரூபாய் வராது. உங்களுக்கு 18 ஆகிவிட்டது, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். ஏதோ காரணத்தால் அப்பா பெயரில்தான் என்றால், உங்கள் பெயரில் 15 லட்சத்துக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டு வண்டியைத் தொடுங்கள்.

ஆட் ஆன்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு: ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்ட். ஜீரோ டெப்பை நம்மூரில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்வார்கள். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வண்டி எவ்வளவு புதிதானாலும் தேய்மானம் என்று 50% கழிப்பார்கள். உலோகப் பாகத்துக்கு முதல் ஆறு மாதம் கழிவில்லை, ஒரு வருடத்துக்குள் 5%, அடுத்த வருடம் 10% என்று ஏறும். ஏழு மாத வண்டி ஒரு பக்கமாக விழுந்தது என்று வையுங்கள். ஹெட்லைட் கவுல், இண்டிகேட்டர்கள், டேங்க் ஓரத்துப் பேனல் எல்லாம் பிளாஸ்டிக், மொத்தம் 4,000 ரூபாய். ஹேண்டில்பார், பிரேக் லீவர், ஃபுட்ரெஸ்ட் உலோகம், 1,500. லேபர் 800. பில் 6,300. பிளாஸ்டிக்கில் 2,000, உலோகத்தில் 75, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 100 என்று 2,175 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் அந்த 100 மட்டும். இப்போது வரும் வண்டிகளில் வெளியே தெரிவதில் பாதி பிளாஸ்டிக்தான். முதல் இரண்டு வருடமாவது இது வேண்டும். வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று வரம்பு வைக்கும் கம்பெனிகள் உண்டு, பாலிசித் தாளில் பாருங்கள்.

ஒரு லீவர் வளைந்தது, ஒரு இண்டிகேட்டர் உடைந்தது என்பதற்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20% குறையும், பிறகு 25, 35, 45 என்று போய் 50-ல் நிற்கும். இந்தச் சலுகை வண்டிக்கானது அல்ல, ஓனருக்கானது. நாளை இந்த 125-ஐ விற்று கிளாசிக் வாங்கும்போது அங்கே கொண்டுபோகலாம்.

தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் அந்தச் செலவை ஏற்கும் எஞ்சின் புரொடெக்ட் நீங்கள் இருக்கும் பகுதிக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்குத் தெரியும். ஓன் டேமேஜ் பாலிசியிலேயே வெள்ளச் சேதம் அடக்கம். ஆனால் தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்கிறோமே, அங்கேதான் கிளெய்ம் கெடுகிறது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து மோதி கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி கைவிரிக்கும். ஆகவே முழுகிய வண்டியில் சாவியே போடக் கூடாது, கிக்கரையும் உதைக்கக் கூடாது. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி அந்தக் கறையோடு போட்டோ எடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியை ஏற்றியே சர்வீஸ் சென்டர் கொண்டுபோங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும் ஆயிலை மாற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

திருட்டு பற்றிச் சுருக்கமாக. வண்டி காணாமல் போனால் ஸ்டேஷனில் பல நேரம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இன்சூரன்ஸுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும், கேட்டு வாங்குங்கள். அன்றே கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள், இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரமாக வையுங்கள். தனியாக மாட்டிய லைட், பாக்ஸ் போன்றவை மட்டும் திருடுபோனால் இருசக்கர வண்டி பாலிசியில் கிடைக்காது, வண்டியோடு சேர்ந்து போனால்தான் கணக்கு. அப்போதும் அவை பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். உங்கள் எல்.எல்.ஆர். கியர் வண்டிக்கு எடுத்ததா, கியர் இல்லாததற்கா என்று இன்றே பாருங்கள். ஸ்கூட்டரை வைத்து எடுத்தவர்கள் பலரிடம் கியர் இல்லாத வகைதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். யார்மீதாவது மோதிவிட்டால், கம்பெனி அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் உங்களிடம் திரும்ப வசூலிக்கலாம். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் தேர்ட் பார்ட்டியில் உச்சவரம்பே கிடையாது, தீர்ப்பாயம் சொல்வதுதான் தொகை. ஒரு குடும்பம் தாங்கும் பணமாக அது இருக்காது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் எட்டு போட்டு லைசென்ஸ் எடுக்க முடியும். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு வேண்டும், கற்றுக்கொடுக்க உட்காரும் லைசென்ஸ் உள்ளவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

லைசென்ஸ் வந்ததும் நண்பரை ஏற்றுவீர்கள், அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் பின்னால் உட்காருபவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் இருப்பவருக்கான விபத்துக் காப்பீட்டை ஒரு லட்சம் வரை சேர்க்கலாம், பிரீமியம் சொற்பம். சேர்த்துவிடுங்கள். இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் வாங்குங்கள். தாடைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இடதும் வலதும் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரிய சைஸ்.

டெலிவரி அன்று பூஜை போடும் அவசரத்தில் விட்டுவிடாமல் பாலிசியில் உள்ள எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். கிளெய்ம் நேரத்தில் ஒரு எழுத்துப் பிழை வாரக்கணக்கில் அலைய வைக்கும். லோன் என்றால் பேங்க் பெயர் பாலிசியில் சரியாக இருக்கிறதா பாருங்கள். டயரில் காற்று அளவுக்கு மேல் நிரப்பி நிற்கும் வண்டிகள் உண்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும், முதல் 100 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காமல், பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பழகுங்கள். முதல் சர்வீஸ் வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் முறுக்கிக்கொண்டு போகாமல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அந்த சர்வீஸில் ஆயில் மாற்றும்போது செயின் தளர்வையும் பார்க்கச் சொல்லுங்கள். புது செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அதிகம் நீளும்.